கட்டத் துணியும் பழைய தாளும்

எடின்பரோ மாநகரின் பழைய பெருந்தெருவில் நடந்து செல்லும் வெளிநாட்டாரிடம் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, 'உங்கள் குடும்பப் பெயர் என்ன?' என்பதாகும். பெயரைச் சொன்னால் போதும். அதற்குரிய குலம், குலத்துக்குரிய சின்னம், சின்னத்தோடு சேர்ந்த டார்ட்டன் என்னும் கட்டம் போட்ட கம்பளித் துணி யாவும் நொடியில் மேசைமேல் வந்து விழும். விலை கொடுத்து வாங்கியவர், தம் முன்னோரின் ஐந்நூறாண்டு வரலாற்றையே தோளில் போட்டுக்கொண்டு போவதாக எண்ணிக்கொள்கிறார். அந்தத் துணியின் வரலாறோ மிக இளையது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில்தான் மலைநாட்டாரின் உடை ஸ்காட்லாந்து முழுமைக்கும் உரிய உடையாக அரங்கேறியது. 1842-இல் இரு சகோதரர்கள், பழஞ்சுவடி ஒன்று தம் வசம் இருப்பதாகச் சொல்லி, இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்று வகுத்து ஒரு பெரும் நூலை வெளியிட்டனர். மூலச் சுவடியைக் காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் அதைக் காட்டவே இல்லை. அந்நூலின் கட்டங்கள் பல இன்றும் நல்ல விலைக்குப் போகின்றன.

துணி வணிகரை விட்டுவிடுவோம். அவர் பிழைப்பு அது. நாம் வழக்காட வந்திருப்பது மதிப்புக்குரிய வேறொரு கூட்டத்தாரோடு. குலவரலாறு ஆய்பவர்கள் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் இவர்கள், கட்டத் துணியைப் பார்த்து நகைப்பவர்கள். சான்றில்லாமல் ஒரு சொல்லும் எழுதமாட்டோம் என்று சூளுரைப்பவர்கள். சான்று என்று இவர்கள் ஒப்புக்கொள்வது பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றின் பதிவேடுகளையும், பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கையும் மட்டுமே. 'பதிவேட்டில் இருப்பது வரலாறு. செய்தித்தாளில் இருப்பது வம்பு' என்பது இவர்களது மந்திரம். ஆறு தலைமுறைப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். முடியவில்லை, பாதி வேலை தொடங்கவே இல்லை என்பது நம் வாதம்.

ஸ்காட்லாந்தின் அரசுப் பதிவேடுகள் சிறந்தவை என்பதை நாம் மறுக்கவில்லை. 1855 சனவரி முதல் நாள் அந்நாட்டில் கட்டாயப் பதிவு தொடங்கியது. அந்த முதலாண்டின் பதிவுகளைப் போல் விரிவான பதிவுகளை அண்டை நாடான இங்கிலாந்தில் காண முடியாது. ஒருவர் இறந்தால், அவர் எங்கே பிறந்தார், அவ்வூரில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார், யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயர்கள் யாவை, எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பன வரை எழுதினர். பதிவாளர்களால் சுமை தாங்க முடியவில்லை. மறு ஆண்டே பல கேள்விகள் நீக்கப்பட்டன.

ஆனால் 1855-க்கு முன்னே என்ன இருந்தது? திருச்சபைப் பங்குகளின் பழைய பதிவேடுகள் இருந்தன. 900-க்கு மேற்பட்ட பங்குகள். அவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயர் வட்டாரத்து எரல் என்னும் ஊரின் பதிவேடு, 1553-இல் தொடங்குவது. மற்றவை அவ்வளவு நற்பேறு பெற்றவை அல்ல. எழுதப்படாதவை, எரிந்தவை, எலி தின்றவை, பாதியில் நின்றவை என்று அவற்றில் ஓட்டைகள் ஏராளம். இறப்பைக் குறித்து வைத்த பங்குகள் மிகச் சில. 1783-இல் இலண்டன் அரசாங்கம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தது. பிள்ளை பிறந்ததைக் குருவிடம் சொல்லிப் பெயர் எழுதிக்கொள்ளக் காசு வேண்டும் என்றால் உழவன் என்ன செய்வான்? எழுதாமல் விட்டான். அந்த வரி 1794-இல் நீங்கியது. அந்தப் பதினோராண்டுப் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் ஏட்டில் ஏறாமலே போயினர். பின்னர் 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது, 450-க்கு மேற்பட்ட குருமார்கள் வெளியேறித் தனித் திருச்சபை அமைத்தனர். அவர்களைப் பின்சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் பழைய சபையின் ஏட்டில் எப்படி இருப்பார்கள்? பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடுவோர் இந்த இடத்தில் எப்போதும் மெளனம் சாதிப்பதைக் கண்டிருக்கிறோம்.

இனிச் செய்தித்தாளின் கதை. 1720-இல் எடின்பரோவில் தோன்றிய 'கலிடோனியன் மெர்க்குரி', 1748 முதல் வெளிவந்த 'அபர்டீன் ஜர்னல்', 1783-இல் வேறு பெயரில் தொடங்கிப் பின்னர் 'கிளாஸ்கோ ஹெரால்டு' ஆன ஏடு, 1817-இல் பிறந்த 'ஸ்காட்ஸ்மன்', அதே ஆண்டில் வடக்கே தோன்றிய 'இன்வர்னஸ் கூரியர்' எனப் பட்டியல் நீளும். இவற்றின் மேலும் வரி இருந்தது. ஒவ்வொரு தாளிலும் அரசு முத்திரை குத்தப்பட வேண்டும். 1815 முதல் அதற்குத் தீர்வை நான்கு பென்ஸ். 'ஸ்காட்ஸ்மன்' முதல் இதழின் விலை பத்துப் பென்ஸ் என்றால், கூலிக்காரன் வீட்டில் அது எப்படி நுழையும்? விளம்பரத்துக்குத் தனி வரி. எனவே பிறப்பு, திருமண அறிவிப்புகளைக் காசு கொடுத்து வெளியிட்டவர்கள் நிலக்கிழார்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள், படை அதிகாரிகள் ஆகியோரே. பதிவேட்டுக்கும் வரி, தாளுக்கும் வரி. இரண்டு ஏட்டிலிருந்தும் ஏழையை அப்புறப்படுத்தியது ஒரே அரசின் கஜானா என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விளம்பர வரி 1853-இலும் முத்திரைத் தீர்வை 1855-இலும் ஒழிந்தன. ஆம், பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1855. ஏட்டில் எல்லாரும் ஏறத் தொடங்கிய அதே ஆண்டில் செய்தித்தாள் மலிவாயிற்று. சிற்றூருக்குச் சிற்றூர் வார ஏடுகள் முளைத்தன. 1858-இல் டண்டீ நகரில் தொடங்கிய 'பீப்பிள்ஸ் ஜர்னல்' தொழிலாளரையும் பண்ணையாளரையும் தமக்கு எழுதுமாறு அழைத்தது. அதன் விற்பனை பின்னர் இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஏடுகளில் நெசவாளன் வருகிறான், மீன்காரி வருகிறாள், கல்லுடைப்பவன் வருகிறான். பெரும்பாலும் துன்பத்தின்போதுதான் வருகிறான் என்பது உண்மையே. அதனாலேயே அது நமக்குத் தேவைப்படுகிறது.

ஒரு சட்ட நுட்பத்தை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் விபத்தில் மாண்டால் கரோனர் எனப்படும் அதிகாரி பலர் அறிய விசாரணை நடத்துவார், நடுவர் குழு அமரும், நிருபர் குறித்துக்கொள்வார். ஸ்காட்லாந்தில் கரோனர் இல்லை. புரொகியுரேட்டர் பிஸ்கல் எனப்படும் அரசு வழக்குரைஞர் சாட்சிகளைத் தனித்தனியே, மறைவில் விசாரித்து மேலிடத்துக்கு எழுதுவார். குடும்பத்தாருக்கு அது தெரிய வேண்டுமென்ற விதியில்லை. வேலையிடத்து மரணங்களைப் பொது மன்றில் விசாரிக்கும் சட்டம் 1895-இல்தான் வந்தது. ஆக, 1895-க்கு முன்னர் ஒரு கற்சுரங்கத்தில் பாறை சரிந்து மாண்ட ஒருவனைப் பற்றிப் பதிவேடு என்ன சொல்லும்? 'விபத்து; மண்டை உடைந்தது' என்று சொல்லும். பிஸ்கலின் விசாரணைக்குப்பின் ஒரு திருத்தக் குறிப்பு சேரும். பாறையை முந்திய நாளே பெயர்த்தெடுக்குமாறு தொழிலாளர் கேட்டதையும் மேலாளர் மறுத்ததையும் யார் சொல்லுவார்? அவ்வூர் வார ஏட்டின் நான்காம் பக்கத்தில், சந்தை நிலவரத்துக்கும் மாத்திரை விளம்பரத்துக்கும் இடையே, பதினைந்து வரியில் இருந்தால் உண்டு. அங்கும் இல்லையேல் பெரும்பாலும் எங்கும் இல்லை. வம்பு என்று ஒதுக்கப்படும் தாள் இங்கே ஒரே சாட்சியாக நிற்கிறது.

1877 அக்டோபர் 22-ஆம் நாள் பிளான்டயர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. அந்நாட்டுச் சுரங்க வரலாற்றிலேயே கொடிய விபத்து அது; 207 ஆண்களும் சிறுவர்களும் மடிந்தனர். அத்தனை பேரின் இறப்பும் பதிவேட்டில் உண்டு. மறு ஆண்டு, கணவனை இழந்த பெண்கள் பலர், சுரங்கத்துக்கு உரிய வீடுகளை விட்டு வழக்கு மன்ற ஆணையால் வெளியேற்றப்பட்டனர். பிறப்பு, திருமணம், இறப்பு என்ற மூன்று தலைப்பில் எதன்கீழ் இந்த வெளியேற்றத்தைப் பதிவாளர் எழுதுவார்?

செய்தித்தாளைத் தலைமேல் தூக்கிவைத்து ஆட வந்தோம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பெண்களை அது நடத்திய விதம் ஒன்று போதும். ஸ்காட்லாந்துச் சட்ட ஏடுகளில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. கல்லறையிலும் அப்பெயரே பொறிக்கப்படும். பதிவேட்டில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தவறாமல் இருக்கும். செய்தித்தாளின் பிறப்பு அறிவிப்போ, 'இன்ன ஊரில், இன்னாரின் மனைவிக்கு ஒரு மகன்' என்ற அளவில் முடிந்துவிடும். பெற்றவளுக்கும் பெயரில்லை, பிறந்ததற்கும் பெயரில்லை. இந்த ஒரு செய்தியில் பதிவேட்டுக்காரர் பக்கமே நியாயம் இருக்கிறது; தாராளமாகவே ஒப்புக்கொள்கிறோம்.

அவர்கள் பக்கம் நியாயமில்லாத இடம் மற்றொன்று. அதைப் பேச அவர்கள் விரும்புவதில்லை.

1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஸ்டூவர்ட் இளவரசனுக்காகப் போரிட்டுத் தோற்று, 1746-இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டவர்களுள் ஒருவர் சர் ஜான் வெடர்பர்ன். அவர் மக்கள் நிலமிழந்து ஜமைக்காத் தீவுக்குச் சென்றனர். குலவரலாற்று நூல்களில் இதுவரையுள்ள பகுதி வெகு உருக்கமாக எழுதப்பட்டிருக்கும். கட்டத் துணி வணிகருக்கும் இது பிடிக்கும். மூத்த மகன் ஜான், ஜமைக்காவில் அடிமைகளைக்கொண்டு கரும்பு விளைத்துச் செல்வராகி, ஜோசப் நைட் என்னும் ஆப்பிரிக்க இளைஞரையும் உடன் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, பெர்த்ஷயரில் பாலிண்டீன் என்னும் பண்ணையை வாங்கினார். 1772-இல் இலண்டனில் சாமர்செட் என்னும் அடிமையின் வழக்கில் கிடைத்த தீர்ப்பு எடின்பரோ ஏட்டில் வந்தது. அதை எசமானர் படித்தாரோ இல்லையோ, ஜோசப் நைட் படித்தார். தமக்கும் அந்த உரிமை உண்டென்று கிளம்பினார். வழக்குப் படிப்படியாக ஏறி, 1778 சனவரியில் நாட்டின் உயர் நீதிமன்றம், ஸ்காட்லாந்து மண்ணில் அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தது. ஓர் அடிமையின் கையில் அகப்பட்ட ஒரு தாள் அந்த நாட்டின் சட்டத்தையே திருப்பிற்று.

கதை அங்கேயும் முடியவில்லை. ஜானின் தம்பி ஜேம்ஸ், ஜமைக்காவில் மருத்துவராயும் பண்ணையாளராயும் இருந்து, எடின்பரோவுக்கு அருகேயுள்ள இன்வரெஸ்க் என்னும் ஊருக்கு மீண்டவர். அவருக்கும் ரோசன்னா என்னும் அடிமைப் பெண்ணுக்கும் 1762-இல் பிறந்தவர் ராபர்ட் வெடர்பர்ன். பின்னாளில் இலண்டனில் தையற்காரராய், தீவிர அரசியற் பேச்சாளராய்ச் சிறை கண்டவர். வறுமை வந்தபோது இன்வரெஸ்க் மாளிகைக்கு நடந்து சென்றதாகவும், தந்தை மகனென ஏற்க மறுத்துவிட, சமையற்காரர் கொடுத்த மலிவு மதுவும் ஏவலாளர் கொடுத்த விரிசல் விழுந்த ஓர் ஆறு பென்ஸ் நாணயமுமே கிடைத்தன என்றும் அவர் எழுதினார். எங்கே எழுதினார்? 1824-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த 'பெல்ஸ் லைஃப்' என்னும் வார ஏட்டில். அதே ஏட்டில் மறுப்பு எழுதியவர் ஆண்ட்ரூ கோல்வில். ஜேம்ஸின் முறைப்படியான மகன். பின்னர் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் தலைவரானவர். ராபர்ட் தன் தந்தையின் மகனல்லன் என்று அவர் சாதிக்க, ராபர்ட் மீண்டும் விடை எழுதினார். ஒரு குடும்பத்தின் தலைமுறை வழக்கு முழுவதும் ஊரறிய அச்சில் நடந்தது. எந்தத் திருச்சபைப் பதிவேட்டைப் புரட்டி இதைக் கண்டுபிடிப்பது? 'எங்கள் குடும்பம் கிளர்ச்சியில் தியாகம் செய்த குடும்பம்' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட விரும்புவோருக்குச் செய்தித்தாள் வம்பாகத்தான் தோன்றும்.

இது தனியொரு குடும்பத்தின் செய்தி என்று தள்ளவும் இயலாது. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில, ஸ்காட்லாந்து ஏடுகளில் வந்த விளம்பரங்கள் 800-க்கு மேற்பட்டவற்றைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரட்டி 2018-இல் வெளியிட்டனர். ஓடியவரின் நிறம், உடுப்பு, தழும்பு, கழுத்துப் பட்டை, பேசும் மொழி யாவும் அவற்றில் உண்டு. பரிசுப் பணம் கொடுப்பவரின் பெயரும் முகவரியும் உண்டு. பேரப்பிள்ளைகள் தேடி எடுக்கவேண்டிய பெயர்கள் அவை.

மலைநாட்டுக்கு வருவோம். ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை அவர்தம் பள்ளத்தாக்குகளிலிருந்து கிளப்பிய கொடுமையை ஸ்காட்லாந்து வரலாறு அறிந்தோர் அனைவரும் அறிவர். அன்றைய ஏடுகள் இதில் எந்தப் பக்கம் நின்றன? பெரும்பாலும் விளம்பரம் தந்தவர் பக்கம். 'விரிந்த மேய்ச்சற் பண்ணை குத்தகைக்கு விடப்படும்' என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, அந்த விரிந்த மேய்ச்சல் நிலத்தில் நேற்றுவரை எத்தனை அடுப்பு எரிந்தது என்று நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஸ்காட்ஸ்மன்' ஏடு தோன்றியதே, எடின்பரோ மருத்துவமனையின் சீர்கேட்டைப் பற்றிய ஒரு குறையை நகரின் பிற ஏடுகள் வெளியிட மறுத்ததால்தான். அச்சில் இல்லாதது நடக்கவில்லை என்று பொருளாகாது. இதை மறந்து தாளைப் படிப்பவர், பதிவேட்டை மட்டும் படிப்பவரினும் பெரிய ஆபத்தை விளைவிப்பார்.

ஆயினும் அதே தாளில்தான் மறுகுரலும் எழுந்தது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்டவர் டொனால்டு மக்ளவுட் என்னும் கொத்தனார். 1840, 1841-ஆம் ஆண்டுகளில் 'எடின்பரோ வீக்லி கிரானிக்கிள்' ஏட்டுக்கு அவர் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். ஓர் இரவில் குன்றின்மேல் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணியதாகவும், 250 எண்ணியதாகவும் கூறினார். எண்ணிக்கையைப் பற்றி இன்றும் வாதிடுவோர் உண்டு, வாதிடட்டும். அவர் குறித்துவைத்த குடும்பங்களும் ஊர்களும் இல்லாவிடில் அப்பள்ளத்தாக்கின் வரலாறு நிலக்கிழாரின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்திருக்கும். 1845 மே மாதத்தில் கிளென்கால்வி என்னும் இடத்து மக்கள் வெளியேற்றப்பட்டுக் குரோயிக் ஆலயத்தின் கல்லறை முற்றத்தில், கம்பளியை விரித்துக் கட்டிய கூடாரத்தில் தங்கியிருந்தனர். இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் நிருபர் நேரிற் சென்று கண்டு எழுதினார். ஆலயத்தின் கண்ணாடிச் சாளரங்களில் அம்மக்கள் தங்கள் நிலையையும் தங்களைத் தாங்களே பாவிகளென்று நொந்துகொண்டதையும் கீறி வைத்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. கேலிக் பேசிய மக்கள் அவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கீறினர். தம் மொழியில் எழுதினால் படிப்பார் இல்லை என்று கருதினர் போலும். செய்தித்தாள்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. முழுதும் கேலிக் மொழியில் நீண்டகாலம் வெளிவந்த 'மக்டல்லா' என்னும் ஏடு பிறந்தது ஸ்காட்லாந்தில் அன்று. கடல் கடந்து கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், 1892-இல்.

இந்த இடத்தில் நமக்கு நெருங்கிய ஒன்றையும் சொல்லிவிடுவோம். இலங்கைக்குத் தேயிலையைத் தொழிலாகக் கொண்டுவந்த ஜேம்ஸ் டெய்லர், ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயர் வட்டாரத்தவர். 1852-இல் இலங்கை சேர்ந்து, 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டு, 1892-இல் அங்கேயே மாண்டார். அவரைப் போல வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து சென்ற தோட்டத் துரைமார் பலர். அவர்தம் திருமணமும் மரணமும் தாயகத்து ஏடுகளில் தோட்டத்தின் பெயரோடு வெளிவந்தன. பேரர்கள் இன்று அவற்றைத் தேடி எடுத்து மகிழ்கின்றனர். அதே தோட்டங்களில் அதே ஆண்டுகளில் மாண்ட தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை அத்தாள்களில் தேடிப் பயனில்லை. துரையின் பேரர் அந்த மரண அறிவிப்பைப் படிக்கும்போது, அதிலுள்ள தோட்டத்தின் பெயரை மட்டும் நிறுத்திப் படித்து, அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று கேட்பாரேயானால் அவரைக் குலவரலாற்றாய்வாளர் என்று ஏற்கலாம்.

தேடும் முறை பற்றியும் சில சொல் வேண்டும். இங்கேயும் ஒரு சோம்பல் தலையெடுத்திருக்கிறது. இன்று கணினியில் பெயரை அடித்தால் தாள் வந்து நிற்கிறது. வராவிட்டால் 'ஏட்டில் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அச்சைப் படிக்கும் பொறிக்குக் கண் மங்கல் என்பதை அவர்கள் அறியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போல நீண்டிருக்கும். பொறி மாற்றிப் படிக்கும். 'மக்டொனால்டு' என்பதை அன்றைய அச்சுக்கோப்பாளர் 'எம்' எழுத்தும் ஒரு தலைகீழ்க் காற்புள்ளியும் இட்டுச் சுருக்கினார். முழுப் பெயரை அடித்துத் தேடுவோருக்கு அது அகப்படாது. மலைநாட்டில் பாதிப் பேர் 'மக்' என்று தொடங்குகிறவர்கள்! உழவரை ஏடுகள் பல நேரம் அவர் பண்ணையின் பெயராலேயே அழைத்தன. வடகிழக்கு மீனவ ஊர்களில் ஒரே பெயருடையோர் பத்துப் பேர் இருந்ததால் பட்டப்பெயரே வழங்கிற்று. ஆகவே ஊரின் பெயரால், பண்ணையின் பெயரால், படகின் பெயரால் தேட வேண்டும். அதற்கும் மேலாக, ஓர் ஊரின் ஏட்டை ஓராண்டு முழுதும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். ஜேம்ஸ் பாரன் என்பவர் 'இன்வர்னஸ் கூரியர்' ஏட்டின் பழைய தொகுதிகளை அப்படியே படித்து, ஆண்டு வாரியாகச் சாரம் எடுத்து, 1903 முதல் 1913 வரை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். பொறி ஏதுமில்லாத காலத்தில் செய்த வேலை அது. வடமலைநாட்டைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதைத் தொடாமல் எழுத முடிவதில்லை.

இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு டே பாலத்தைச் சொல்லலாம். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் பாலம் முறிந்து தொடர்வண்டி ஆற்றில் வீழ்ந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. 75 பேர் என்று பயணச்சீட்டுக் கணக்கால் ஊகித்ததை ஏடுகள் பரப்பின. அதுவே நெடுங்காலம் நிலைத்தது. 2013-இல் எழுப்பிய நினைவுக் கற்களில் பொறித்த பெயர்கள் 59. பதிவுகளையும் தாள்களையும் ஒப்பிட்டு ஒவ்வொருவராய் எண்ணியவர்களால் வந்த திருத்தம் அது.

கடைசியாக ஒரு வழக்கு. இந்தத் தாள்கள் யாருடையவை?

2011-இல் பிரிட்டிஷ் நூலகம், டண்டீ நகரத்துத் தனியார் நிறுவனம் ஒன்றோடு கைகோத்துத் தன் பழைய செய்தித்தாள்களைக் கணினியிலேற்றத் தொடங்கியது. கோடிக்கணக்கான பக்கங்கள் ஏறிவிட்டன. பெரும்பணி, பாராட்டுகிறோம். முதலீடு செய்தவர் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதும் புரிகிறது. ஆனால் அவற்றுள் பெரும்பகுதியைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். 2021 முதல் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்தனர். சில நூலகங்களுக்குள் சென்றால் காசில்லாமல் பார்க்கலாம். எஞ்சியவற்றுக்குக் காசு. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன தாள்கள் இவை.

நியூசிலாந்தைப் பாருங்கள். 1848-இல் ஸ்காட்லாந்தார் சென்று குடியேறிய டனீடின் நகரின் ஏடுகளை அந்நாட்டுத் தேசிய நூலகம் எவரும் காசின்றிப் படிக்குமாறு திறந்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய நூலகமும் அவ்வாறே செய்திருக்கிறது. பொறி தவறாகப் படித்ததை வாசகரே திருத்தவும் இடம் தந்திருக்கிறது. அந்த நாட்டு மரண அறிவிப்புகளின் அடியில் 'தாயகத்து ஏடுகள் எடுத்து வெளியிடுக' என்ற வேண்டுகோள் அடிக்கடி காணப்படும். பிறந்த ஊரும் தந்தையின் தொழிலும் கூடச் சில வேளை அதில் இருக்கும். ஆக, அபர்டீனிலிருந்து பிழைக்கப் போனவரின் செய்தியைப் பன்னீராயிரம் மைல் தொலைவிலிருந்து இலவசமாகப் பெறலாம்; அவர் விட்டுச்சென்ற அண்ணனின் செய்தியை அபர்டீனில் இருந்துகொண்டே காசு கொடுத்துப் பெற வேண்டும்! நாடு தாண்டிப் போக வேண்டியதில்லை. பக்கத்து வேல்ஸின் தேசிய நூலகம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட செய்தித்தாள் பக்கங்களை 2013 முதல் எவரிடமும் காசு கேளாமல் திறந்து வைத்திருக்கிறது. வேல்ஸ் ஸ்காட்லாந்தைவிடச் செல்வநாடு அன்று.

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகம், தெருவில் விற்ற ஒற்றைத்தாள் அச்சுகள் ஏறத்தாழ 1,800-ஐ முன்னரே பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்த நூலகம். வழி தெரியாமல் இல்லை. 1999-இல் அந்நாட்டுக்கு மீண்டும் ஒரு நாடாளுமன்றம் கிடைத்தது. பதிவேடுகளும் பண்பாடும் அதன் ஆளுகையில் உள்ளவை. பதிவுக்கு மூன்று பென்ஸ், தாளுக்கு நான்கு பென்ஸ் என்று ஏழைகளிடம் தண்டிய காலத்தை வைது நூல் எழுதுவோர் அந்த மன்றத்திலும் பலர் இருப்பர். பிளான்டயர் விதவைகளின் பேத்திக்குப் பேத்தியர், தம் பாட்டி வெளியேற்றப்பட்ட செய்தியைத் தேடிச் சந்தாப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மன்றத்தார் சொல்லும் பதிலை நாம் இன்னும் கேட்கவில்லை.